எட்டு வாரக் குட்டி: ஊசி முடியும் வரை வீட்டுக்குள்ளேயே வைக்கவா, இப்போதே வெளியே காட்டவா? (பினாங்கு)

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் வரிசை வீட்டில் இருக்கிறோம். போன வாரம் ஒரு நாய்க்குட்டி எடுத்து வந்தோம். நம் ஊர் கம்போங் ரகம், அதாவது நாட்டு நாய்தான். பெண் குட்டி, உடம்பு மாநிறம், முகம் மட்டும் கறுப்பு. லட்டு என்று மகள் பெயர் வைத்திருக்கிறாள். பல்லைப் பார்த்துவிட்டு எட்டு வாரம் இருக்கும் என்றார் டாக்டர். முதல் ஊசி போட்டு, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று.

குழப்பம் இதுதான். கடைசி ஊசி வரை, அதாவது பதினாறு வாரம் ஆகும் வரை, குட்டியை வெளியில் விடவே கூடாது என்கிறார் டாக்டர். வேலை இடத்தில் பல வருடமாக நாய் வளர்க்கும் நண்பர் நேர் எதிராகச் சொல்கிறார். இரண்டு மாதம் அடைத்து வைத்தால் அப்புறம் ஆளைக் கண்டாலே நடுங்கும், இல்லாவிட்டால் பாயும், இப்போதே வெளியே கொண்டு போ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வீட்டு நிலவரம்: இடப்பக்கம் மலாய்க் குடும்பம், வலப்பக்கம் சீன ஆண்ட்டி, எதிரே மோட்டார் சைக்கிள் பட்டறை. எனக்குப் பாயான் லெப்பாசில் ஷிப்ட் வேலை. மனைவி காலையில் கிளம்பினால் மாலைதான் வருவார். பகலில் அம்மா மட்டும் இருப்பார். அம்மாவுக்குக் குட்டி மேல் பிரியம்தான், ஆனால் சாமி அறைப் பக்கம் வரக்கூடாது, ராத்திரி போர்ச்சில்தான் படுக்க வேண்டும் என்கிறார். ராத்திரியெல்லாம் அழுகிறது. பார்த்த இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. கை, கால், சேலைத் தலைப்பு என்று எல்லாவற்றையும் கடிக்கிறது. அடுத்த மாதம் சீனப் புத்தாண்டு வேறு. எங்கள் லோரோங்கில் (சந்தில்) பட்டாசு எப்படி வெடிக்கும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எதைப் பற்றித் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

வெட்கிளினிக்_அக்கா எழுதியது:

தம்பி, பட்டர்வொர்த்தில் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் டாக்டர் பயப்படுவது பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு. நோய் வந்த நாயின் மலத்தில் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் வெளியேறும். மலம் காய்ந்து மறைந்த பிறகும் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை, வெயில், சாதாரண சோப்பு எதற்கும் அசையாது. நீர் கலந்த குளோராக்ஸ் மாதிரியான பிளீச்சுக்குத்தான் அடங்கும், ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர். வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுப்பது, நாற்றமடிக்கும் ரத்த வயிற்றுப்போக்கு என்று ஆரம்பிக்கும். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. காலையில் துவண்டுபோய் வரும் குட்டி மாலைக்குள் கைவிட்டுப் போவதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். அதனால்தான் டாக்டர்கள் அவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள்.

ஒரு ஊசி போட்டாகிவிட்டதே, போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். போதாது. தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரம் இருக்கும். அது வாசல் காவல்காரர் மாதிரி, கெட்டவனையும் விரட்டும், வேலைக்கு வந்தவனையும் விரட்டும். தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அந்தச் சக்தி எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு எட்டாவது வாரத்தில், இன்னொன்றுக்குப் பதினான்காவது வாரத்தில். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

அதற்காக உங்கள் நண்பர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். வெளியில் விடக்கூடாது என்றால் தரையில் விடக்கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு தடையும் இல்லை. கிளினிக்குக்கு வரும்போதும் மடியிலேயே வைத்திருங்கள், எங்கள் தரையிலும் விடாதீர்கள். நோய் வந்த நாய்கள் நடந்த தரை அது.

தோட்டத்துப்பிள்ளை எழுதியது:

நான் நிபோங் தெபால் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒரு நாய் இருந்தது. ஊசியும் கிடையாது, தூக்கிக்கொண்டு சுற்றுவதும் கிடையாது. மீன் குழம்பு ஊற்றிய சோறு தின்று நன்றாகத்தான் வளர்ந்தன. காலம் மாறிவிட்டது, ஊசி போடுவது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாய்க்கு யார் எஜமான் என்று முதல் மாதத்திலேயே காட்டிவிட வேண்டும். கடித்தால் பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு. கண்ட இடத்தில் போனால் அங்கேயே இழுத்துக்கொண்டு போய் முகத்தைக் காட்டு. ராத்திரி அழுதால் எழுந்து போகாதே, இரண்டு நாளில் அடங்கிவிடும். நாய் இடம் போர்ச். உங்கள் அம்மா சொல்வது சரி.

நாற்கால்நேசி எழுதியது:

ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். தெருவில் விடப்பட்ட குட்டிகளை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பது என் வேலை. அண்ணன் சொன்னதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் லட்டுவுக்கு நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில் எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, மிதிக்கிறதோ அதெல்லாம் உலகத்தில் இருக்கக்கூடியதுதான் என்று மனதில் பதிந்துவிடும். அப்போது பார்க்காததைப் பின்னால் பார்த்தால் முதலில் வருவது பயம். கணக்குப் போட்டுப் பாருங்கள், லட்டுவுக்கு எட்டு வாரம் ஆகிவிட்டது. கடைசி ஊசி பதினாறில். ஊசி முடிந்து வெளியே கொண்டு போகும்போது அந்தக் காலம் தாண்டியிருக்கும். அமெரிக்காவில் விலங்கு நடத்தையைப் படித்த கால்நடை மருத்துவர்கள் சங்கம்கூட, முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் சுத்தமான இடத்தில் குட்டிகளுக்கான வகுப்பைத் தொடங்கலாம் என்றுதான் சொல்கிறது. நடத்தைக் கோளாறால் கைவிடப்பட்டுச் சாகும் இளம் நாய்கள் தொற்றுநோயால் சாவதைவிட அதிகம் என்பது அவர்கள் வாதம். இங்கே காப்பகங்களுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்காது. ஒரு வயதில் "யாரையும் கிட்ட விட மாட்டேன் என்கிறது" என்று கொண்டுவந்து விடுகிறார்களே, அந்த நாய்களில் எத்தனையோ குட்டியாக இருந்தபோது பின்கட்டுக் கம்பிக்குள்ளேயே இருந்தவை.

என்ன செய்யலாம்? தோளில் துண்டு போட்டு, அதில் தூக்கிக்கொண்டு மாலை ஏழு மணிக்கு மேல் லோரோங்கில் ஒரு சுற்று. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குள் நுழைய வேண்டாம், ஓரமாக நின்று வாணலிச் சத்தத்தையும் கூட்டத்தையும் பார்க்கட்டும். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தொங்குத்தாடிக்காரர், சக்கர நாற்காலியில் போகிறவர், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், குப்பை லாரி, பாங்கு ஒலி, கோயில் மணி, இடி. எதைக் காட்டினாலும் கூடவே வாயில் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று. அவ்வளவுதான் பயிற்சி. குட்டி முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ கிட்டப் போகாதீர்கள், இரண்டு வீடு தள்ளி நில்லுங்கள். பயத்தோடு பார்த்தால் பயம்தான் பதியும், அதனால் பார்க்க வைப்பதைவிட எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

தைப்பூசத்துக்கு ஜாலான் கெபுன் பூங்கா பக்கம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உருமி மேளமும் அந்த நெரிசலும் எட்டு வாரக் குட்டி தாங்கக்கூடியது இல்லை. அங்கே திரும்பிப் போகவும் வழி இருக்காது.

ஊசி போட்ட, குணம் தெரிந்த பெரிய நாய் நண்பர் வீட்டில் இருந்தால் அங்கே கொண்டு போய் விளையாட விடலாம். காப்பகங்கள், செல்லப்பிராணிக் கடைகள், தெருநாய் சுற்றும் புல்வெளி இவை மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

அக்கா, நாற்கால்நேசி, இருவருக்கும் நன்றி. தூக்கிக்கொண்டு போகலாம் என்பது யாருமே சொல்லாத விஷயம்.

நேற்றே ஆரம்பித்துவிட்டேன். எதிர்ப் பட்டறையில் ஒரு கப்சாயை, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளை, முறுக்கினார்கள். மடியில் இருந்த லட்டு அப்படியே உறைந்துபோனது. காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன, வால் வயிற்றுக்குக் கீழே போய்விட்டது, வாயருகே நீட்டிய கோழியைப் பார்க்கவே இல்லை. கேட்டை விட்டு உள்ளே வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தேன். அங்கும் சத்தம் கேட்கிறது, ஆனால் தூரம். முதலில் மூக்கு அசைந்தது. அப்புறம் கோழியை நக்கியது. அடுத்த முறை முறுக்கியபோது தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது, எங்கே என் துண்டு என்று கேட்கிற மாதிரி. இன்று ஹாலில் உட்கார்ந்தோம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னால்.

பட்டறைப் பையன்களிடம் சொன்னேன். குட்டிக்காகவா என்று கேட்டுவிட்டு, முறுக்குவதற்கு முன் கை காட்டுகிறார்கள்.

இப்போது பெரிய தலைவலி சிறுநீர்தான்.

பாயான்பாரு88 எழுதியது:

எங்கள் வீட்டிலும் போன வருடம் இதே கதை, எனவே விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரே ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். போர்ச் ஓரம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வசதியான மூலையாக இருந்தால் நல்லது. பேப்பர் விரியுங்கள். (தமிழ்ப் பத்திரிகை என்றால் சாமி படம் போட்ட பக்கங்களை எடுத்துவிட்டு விரியுங்கள், அம்மா மனம் நோகும்.) தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், விழித்திருக்கும்போது மணிக்கொரு முறையும் அங்கே தூக்கிக்கொண்டு போய் விடுங்கள். இந்த வயதில் அதற்கு மேல் அடக்க முடியாது, பிடிவாதம் ஒன்றும் இல்லை. தரையை முகர்ந்துகொண்டே வட்டம் போட ஆரம்பித்தால் வரப்போகிறது என்று அர்த்தம், உடனே தூக்குங்கள்.

போய் முடித்த அந்த நொடியிலேயே, அந்த இடத்திலேயே பாராட்டி ஒரு துண்டு கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்தது என்றுதான் குட்டி நினைக்கும். தப்பான இடத்தில் போனால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிடுங்கள். திட்டினால் என்ன கற்றுக்கொள்ளும் தெரியுமா, ஆள் பார்க்கும்போது போகக்கூடாது என்று. அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போய்ப் போகும், உங்கள் முன்னால் பேப்பரிலும் போகாது.

துடைப்பதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். செராய் வாங்கி என்ற வாசனைப் புல்லின் மணமுள்ள தரைத் திரவம் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. அமோனியா கலந்தது இன்னும் மோசம், சிறுநீர் வாசனையே அதுதான். செல்லப்பிராணிக் கடைகளில் நொதி கலந்த திரவம் கிடைக்கும். சிறுநீரின் வாசனைப் பொருளையே அது சிதைத்துவிடும். அதில் நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

சாமி அறை வாசலுக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று போடுங்கள். எங்கள் மாமியாருக்கும் அந்தக் கதவு வந்த பிறகுதான் நிம்மதி.

பகலில் அம்மாவால் குனிந்து குனிந்து தூக்க முடியுமா என்றும் யோசியுங்கள். முடியாது என்றால் போர்ச்சுக்குப் போகும் வழியில் மடக்குக் கம்பித் தடுப்பு வைத்து, ஒரு பக்கம் படுக்கை, மறு பக்கம் பேப்பர் என்று ஏற்பாடு செய்துவிடலாம்.

வெட்கிளினிக்_அக்கா எழுதியது:

ராத்திரி அழுகையைப் பற்றி. போன வாரம் வரை உடன்பிறந்ததுகளோடு ஒட்டிப் படுத்த உயிர் அது. முதல் சில வாரம் அதன் கூண்டையோ பெட்டியையோ உங்கள் கட்டில் பக்கத்தில் வையுங்கள். கை தொங்கவிட்டால் முகரும் தூரம். அடங்கிவிடும். பிறகு ராத்திரிக்குக் கொஞ்சமாக ஹால் பக்கம் நகர்த்தலாம். நடு ராத்திரியில் முனகினால் பெரும்பாலும் சிறுநீர்தான். விளக்கைப் பெரிதாகப் போடாமல், பேசாமல், பேப்பருக்குக் கொண்டு போய்த் திரும்பப் படுக்க வையுங்கள்.

போர்ச் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் கொசு. இதயப்புழு கொசுவால்தான் பரவும், நம் ஊரில் கொசு இல்லாத மாதம் கிடையாது. மாதாமாதம் கொடுக்கும் தடுப்பு மருந்தை இந்த வயதிலேயே தொடங்கலாம், எடை பார்த்து டாக்டர் சொல்வார். எலியும் ஒரு காரணம். லோங்காங் (சாக்கடை) ஓரம் எலி சிறுநீர் பட்ட தண்ணீரை நக்கினால் லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வரும், அது மனிதருக்கும் தொற்றும். ஊசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். முதல் தடவை இரண்டு முறை போட்டால்தான் வேலை செய்யும், அப்புறம் வருடா வருடம்.

தோட்டத்து அண்ணன் சொன்ன சோறு விஷயம். சோறும் கோழியும் மட்டும் என்றால் வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. கால் வளைந்த குட்டிகளைக் கிளினிக்கில் பார்க்கிறோம். குட்டிகளுக்கான தீவனமே கொடுங்கள். மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று. பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். நம் வீட்டில் கீழே விழக்கூடியவை: பாயசத்து முந்திரிப்பழம், அதாவது உலர்ந்த திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாம்பார் வெங்காயம், பூண்டு, ரத்தத்தைக் கெடுக்கும். கறியில் வெந்த எலும்பு, சிலாம்பாகக் குத்தும். சாக்லெட், மைலோ மாவு. டுரியான், மாம்பழக் கொட்டை குடலில் போய் அடைத்துக்கொள்ளும். விளக்கு மேடையில் இருக்கும் கற்பூரமும் நாய்க்கு விஷம், வலிப்பே வரலாம். டப்பாவை மேல் தட்டில் வைத்துவிடுங்கள்.

நாற்கால்நேசி எழுதியது:

தோட்டத்து அண்ணனுக்கு மரியாதையோடு ஒரு பதில்.

எஜமான் யார் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா அண்ணே? 1947இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் போட்டதால் அவை தலைமைக்குச் சண்டை போட்டன. அதே கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் பின்னால் காட்டு ஓநாய்களோடு வருடக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டு, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள்தான், சண்டை போட்டுத் தலைவனாகிறவர் யாரும் இல்லை என்று 1999இல் எழுதினார். நாயோ ஓநாயும் இல்லை.

மூக்கில் தட்டினால் கை வரும்போதெல்லாம் வலி வரும் என்று கற்றுக்கொள்ளும். லட்டு வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். அவள் தடவக் கை நீட்டும்போது அந்தப் பாடம்தான் முன்னால் வந்து நிற்கும்.

குட்டி கடிப்பது கோபத்தால் இல்லை. 28 பால்பல், ஊசி மாதிரி. நான்கு மாத வாக்கில் விழ ஆரம்பித்து ஆறு, ஏழு மாதத்தில் 42 பல் முளைத்துவிடும், அது வரை ஈறு அரிக்கும். ஈரத் துணியை முறுக்கி உறைய வைத்துக் கொடுங்கள், குளிர்ந்த கேரட் கொடுங்கள். கையைக் கடித்தால் விளையாட்டை அந்தக் கணமே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள். அரை நிமிடம் கழித்துத் திரும்ப வாருங்கள். மகள் ஓடிக்கொண்டே கத்தினால் குட்டி இன்னும் துரத்தும், மரம் மாதிரி நிற்கச் சொல்லிக்கொடுங்கள். இன்னொன்று, இந்த வயதில் ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். சாயங்காலம் வெறி பிடித்த மாதிரி கடிக்கிறது என்றால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை.

தோட்டத்துப்பிள்ளை எழுதியது:

தம்பி, நான் அடிக்கச் சொல்லவில்லை, தட்டச் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஓநாயைப் பற்றி எனக்குத் தெரியாது, எங்கள் நாய்கள் எங்களைக் கடித்ததில்லை, அதைத்தான் சொல்ல முடியும். சின்னப் பெண் இருக்கிற வீடு என்பதை நான் யோசிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

புத்தகத்தில் இல்லாத ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மழை விட்ட ராத்திரியில் போர்ச்சுக்குத் தேரை வரும். குட்டி கவ்வினால் வாயில் நுரை தள்ளும், தலையை ஆட்டும். உடனே தலையைக் கீழ்ப்பக்கம் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக்கூடாது. ஈரத் துணியால் ஈறைத் துடைத்துவிட்டுக் கிளினிக்குக்கு ஓடுங்கள். பூச்செடித் தொட்டிகளுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் குட்டியை விடுங்கள், நாகம் ஒண்டுகிற இடமும் அதுதான். துப்புகிற நாகம் கண்ணில் விஷத்தைப் பீய்ச்சினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாற்கால்நேசி எழுதியது:

தேரை விஷயத்தை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி அண்ணே. தட்டுவதில் மட்டும் நான் உங்கள் பக்கம் வர மாட்டேன்.

கேஎல்_கொண்டோ எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். செந்தூலில் கொண்டோவில் இருக்கிறோம், நாங்களும் குட்டி எடுக்கலாம் என்று இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் முறையிட்டால் என்ன ஆகும்?

பாயான்பாரு88 எழுதியது:

எடுப்பதற்கு முன் நிர்வாக அலுவலகத்தில் உங்கள் கட்டடத்தின் விதிகளை வாங்கிப் படியுங்கள். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறையில் பொதுவான துணைவிதி ஒன்று இருக்கிறது. மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொந்தரவாகவோ ஆபத்தாகவோ இருக்கும் பிராணியை வைத்திருக்கக்கூடாது. எழுத்து மூலம் அறிவிப்பு வந்தால் மூன்று நாளில் கட்டடத்தை விட்டு அகற்ற வேண்டும். கூடவே உங்கள் நிர்வாகம் தனியாக விதி போட்டிருக்கலாம். மாநகர் மன்ற உரிமம் அடுக்குமாடிக்குக் கிடைக்குமா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த மூன்று நாளில் அல்லாடப்போவது குட்டி.

பிஎம்_டீச்சர் எழுதியது:

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் இரு பக்கமும் மலாய்க் குடும்பங்கள்தான், எங்களிடம் மூன்றாவது நாய் இது.

முதல் வேலையாக நீங்களே போய்ச் சொல்லுங்கள், குட்டி வந்திருக்கிறது, கேட்டுக்கு வலை அடித்துவிடுகிறோம் என்று. நாயின் எச்சிலோ ஈர மூக்கோ பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் அப்படி ஆனால் எவ்வளவு சங்கடம். அதனால் போர்ச்சைக் கழுவும் தண்ணீர் அவர்கள் வாசல் பக்கம் ஓடாமல் பாருங்கள். சட்டை, செருப்பு காயும் இடத்துக்குக் குட்டி போகாமல் பாருங்கள். தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவர்கள் எதிரே வந்தால் மறு ஓரம் போய்விடுங்கள். அவர்கள் பிள்ளைகள் கேட் வழியாக ஆசையாகப் பார்ப்பார்கள், கை நீட்டுவார்கள். பெற்றோர் சொல்லாமல் நீங்களாகத் தொட விடாதீர்கள். நாங்கள் இப்படி இருப்பது தெரிந்ததால்தான், ஒரு நாள் எங்கள் நாய் வெளியே ஓடியபோது மோட்டாரில் தேடிப்போய் எங்கே நிற்கிறது என்று சொன்னவர் பக்கத்து வீட்டு பாக்சிக் (மலாய் மாமா).

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

டீச்சர் சொன்னதும் அன்றைக்கே போய்ப் பேசினேன். வலைக்கும் போர்ச்சுக்கும் நன்றி சொன்னார்கள். இரண்டாவது ஊசி முடிந்தது.

இப்போது என் கவலையெல்லாம் தீ கொங் ராத்திரி. புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன் சீனர் வீடுகளில் கரும்பு கட்டிப் பூஜை தொடங்கியதும் பட்டாசு, ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் வெடிக்கும். ஜெலுத்தோங்கில் தப்பிக்கவே முடியாது. மூன்று வாரம் இருக்கிறது.

நாற்கால்நேசி எழுதியது:

மூன்று வாரம் போதும், இன்றே தொடங்குங்கள். பட்டாசுச் சத்தப் பதிவைக் கைப்பேசியில் எடுத்து, கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வைத்து, அந்த நேரத்தில் தீவனத்தைப் போடுங்கள். சாப்பிடுவதை நிறுத்தாத வரை சில நாளுக்கு ஒரு முறை ஒரு படி ஏற்றுங்கள். நிறுத்திவிட்டால் அன்றைக்கு அதிகமாகிவிட்டது, இரண்டு படி இறக்குங்கள். கப்சாய்க்குச் செய்தீர்களே, அதே வழிதான்.

அன்று ராத்திரி பத்து மணிக்குள் சிறுநீருக்குக் கொண்டு போய்விடுங்கள். வீட்டின் நடு அறை, ஜன்னல், திரை சாத்தி, மின்விசிறி வேகமாக, தொலைக்காட்சி ஓடட்டும். உறைய வைத்த ஈரத் தீவனம் நக்கக் கொடுங்கள். பயந்து மடிக்கு வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பயம் பழகிவிடும் என்று சொல்வார்கள், அப்படி இல்லை. கேட் பூட்டு, கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண், இரண்டையும் மாலையிலேயே பாருங்கள். பட்டாசுக்கு ஓடித் தொலையும் நாய்கள் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் எங்களிடம் வருகின்றன.

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

தீ கொங் முடிந்தது. எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. முதல் வெடிக்கு எழுந்து நின்று காதை விறைத்தாள். அம்மாதான் பக்கத்தில் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்தார். உறைந்த தீவனத்தை நக்கிக்கொண்டே இருந்தாள், நடுவில் இரண்டு தரம் வந்து அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள், திரும்பவும் போய் நக்கினாள். ஒரு மணி வாக்கில் வெடி நடந்துகொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள். போர்ச்சில் படுக்க வேண்டும் என்ற பேச்சே இப்போது வீட்டில் இல்லை.

கடைசி ஊசி அடுத்த வாரம். அப்புறம் எவ்வளவு நாள் கழித்துத் தரையில் நடக்க விடலாம்? வேறு என்ன செய்ய வேண்டும்?

வெட்கிளினிக்_அக்கா எழுதியது:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்று, இரண்டு வாரம் விட்டு நடக்க விடலாம், உங்கள் டாக்டர் சொல்லும் நாளை வைத்துக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றி அன்றைக்கே கேளுங்கள், மூன்று மாதம் ஆனால் போடலாம். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றிலும் அந்த நோய் வந்தபோது தெருநாய்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் நாம், அதனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். மாநகர் மன்ற உரிமத்துக்குப் போகும்போது ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

கழுத்துப்பட்டையும் வாரும் இப்போதே வீட்டுக்குள் மாட்டிப் பழக்குங்கள், சாப்பிடும்போது ஐந்து நிமிடம் போதும். நடைக்குக் காலை ஏழரைக்கு முன், இல்லாவிட்டால் மாலை வெயில் தாழ்ந்த பிறகு. தாரில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அவள் பாதத்துக்கும் முடியாது. திரும்பி வந்ததும் காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே அடிக்கடி வருகிறது. உண்ணி மருந்தை எடைக்கும் வயதுக்கும் ஏற்றபடி டாக்டரிடம்தான் வாங்க வேண்டும்.

ஆறு மாத வாக்கில் முதல் பருவம் வரலாம். கருத்தடையை எப்போது செய்வது என்று அடுத்த வாரமே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஜெலுத்தோங்கில் தெருவில் சுற்றும் ஆண் நாய்கள் குறைவில்லை, போர்ச் கேட்டின் அடிப்பக்க இடைவெளியையும் அதற்குள் அடைத்துவிடுங்கள்.